வன்னி நாவல்களில் இடப்பெயர்வும் பெண்ணின் உறுதியும்

புலம்பெயர்தல் என்னும் தொடர் தமிழுக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து தங்கிய பிறநாட்டு வணிகரைக் குறிக்கப் பட்டினப்பாலை இதனை ஆண்டிருக்கிறது. அவ்வணிகர் பொருள் தேடி விரும்பி வந்தவர்கள்; வேற்று மொழி பேசினும் ஊர் மக்களோடு கலந்து இனிது வாழ்ந்தவர்கள். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு கழிந்த பின், அதே தொடர் விரும்பாமற் புறப்பட்டவர்களுக்கு உரியதாகிவிட்டது. நம் வன்னி மக்கள் இதனோடு இன்னொரு சொல்லையும் வழங்குவர். கடல் கடந்தவனைப் புலம்பெயர்ந்தவன் என்பர். பிறந்த மாவட்டத்துள்ளேயே ஊர் ஊராக, மரத்தடி மரத்தடியாக நகர்ந்தவனை இடம்பெயர்ந்தவன் என்பர். இரண்டனுள் எது பெரிய துன்பம் என அளத்தல் வீண் வேலை. ஆனால் இரண்டாவது வகைத் துன்பம் உலக இலக்கிய ஆராய்ச்சியாளர் கண்ணில் அதிகம் படுவதில்லை. அதனைப் பற்றியே இக்கட்டுரையிற் சில சொல்ல விழைகின்றேன்.

ஊரிழந்த பெண்ணின் வாய்மொழியாக நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய செய்யுள்களுள் ஒன்று, பறம்பு மலையை இழந்த பாரியின் மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் 112 ஆம் பாட்டாக வைக்கப்பட்டிருக்கிறது. அதனை வகுப்பிலே எடுத்துரைக்குந்தோறும் மாணவர் ஒன்றை வியப்பர். தந்தையும் மலையும் போயின, ஆயினும் அப்பெண்கள் அரற்றவில்லை, பகைவரைச் சபிக்கவுமில்லை. சென்ற மாதத்து நிலவில் தம்மிடம் எவை இருந்தன, இம்மாதத்து நிலவில் எவை இல்லை என்று மாத்திரம் சொல்கின்றனர். கணக்கு ஒப்புவிப்பது போன்ற அந்த நிதானமே கேட்பவர் நெஞ்சை அறுக்கிறது. வன்னியின் பெண் எழுத்தாளர்களைப் படிக்கும்போது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது இந்தக் கணக்கு ஒப்புவித்தலே.

ஒப்புநோக்குக்குப் பலஸ்தீனத்தை எடுத்துக்கொள்வது நம்மவர்க்குப் புதிய பழக்கமன்று. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட அதே 1981 ஆம் ஆண்டிலேதான் பேராசிரியர் எம். ஏ. நுஃமான் அவர்களுடைய 'பலஸ்தீனக் கவிதைகள்' என்னும் மொழிபெயர்ப்பு நூல் வெளிவந்தது. அக்காலத்து இளைஞர் பலர் அதனைக் கையோடு வைத்திருந்தனர். கவிதை அவ்வாறு வந்து சேர்ந்த அளவுக்கு அந்நாட்டுப் புனைகதை நம்மிடம் வந்து சேரவில்லை. அதன் முதல்வர் எனத்தக்கவர் கஸ்ஸான் கனஃபானி. 1936 இல் ஆக்கர் நகரிற் பிறந்து, 1948 இல் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட பலஸ்தீனர் வேரற்றபோது தாமும் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக வெளியேறி, 1972 இல் பெய்ரூத் நகரிலே குண்டுவைத்துக் கொல்லப்பட்டவர். அவருடைய 'சூரியனுக்குள் மனிதர்கள்' என்னும் குறுநாவலில், பிழைப்புத் தேடிக் குவைத்துக்குப் போகும் மூவர் ஒரு தண்ணீர்த் தாங்கி வண்டியினுள் ஒளிந்து மூச்சு முட்டி மாள்கின்றனர். சாரதி இறுதியிற் கேட்கும் கேள்வி, நீங்கள் ஏன் தாங்கியின் சுவரைத் தட்டவில்லை என்பது. அந்த மூவரும் ஆண்கள். ஆறேழு ஆண்டு கழித்து, 1969 இல், 'உம்மு சஅத்' என்னும் கதையில் அவரே முகாமிலே வாழும் ஓர் ஏழைத் தாயைக் கொண்டுவருகிறார். காய்ந்துபோன திராட்சைக் கொடித் துண்டொன்றைக் கொணர்ந்து நட்டுவிட்டு அவள் தன் அன்றாட வேலைக்குப் போகிறாள். கதை முடிவில் அது துளிர்க்கிறது.

இக்கதை சிறந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அதில் ஒரு குறையும் உண்டு. உம்மு சஅத் ஒரு பெண்ணாக இருப்பதினும் ஒரு மக்கட்கூட்டத்தின் சின்னமாகவே அதிகம் இருக்கிறாள். மண் பெண்ணாகிறது, பெண் மண்ணாகிறாள். 1941 இல் நாப்லுஸ் நகரிற் பிறந்த சஹர் கலீஃபா என்னும் பெண் நாவலாசிரியர் இந்த வழக்கத்தையே எதிர்த்து எழுதினார். அவருடைய 1976 ஆம் ஆண்டு நாவல், ஆக்கிரமிப்பின் கீழ் வாழ்வோர் வயிற்றுப் பிழைப்புக்காக ஆக்கிரமித்தவனிடமே கூலிக்குப் போக நேர்ந்த அவலத்தை மறைக்காமற் சொன்னது. பின்வந்த நாவல்களில், ஊரை மீட்கப் புறப்பட்ட ஆண்கள் வீட்டுக்குள் பெண்ணை எப்படி நடத்தினர் என்பதையும் அவர் விடாது கேட்டார். ஆகவே பலஸ்தீனப் புனைகதையிலே பெண்ணின் எதிர்ப்பு என்பது வெளியே நிற்கும் படையை எதிர்ப்பது மாத்திரமன்று. தன்னைச் சின்னமாக்கி வாயடைக்கும் சொந்த மக்களுக்கும் அவள் மறுமொழி சொல்கிறாள். இவ்விரு முகத்தையும் மனத்திற் கொண்டு நம் மண்ணுக்கு வருவோம்.

நம் சந்தியிலிருந்து கிழக்கே பிரியும் பாதை நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுப் பக்கம் போகிறது. அப்பக்கத்துக் காட்டினுள்ளே உள்ள தண்ணிமுறிப்பு என்னும் சிற்றூரைக் களமாகக் கொண்டு அ. பாலமனோகரன் எழுதிய 'நிலக்கிளி' 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்து சாகித்தியப் பரிசும் பெற்றது. வன்னி நாவல் எனச் சொல்வோர் யாவரும் இதிலிருந்தே தொடங்குவர். கதைத் தலைவி பதஞ்சலி தாயில்லாப் பெண்; காடே அவளுக்குப் பள்ளிக்கூடம். அவளை விரும்பி மணக்கும் கதிராமன் தன் வீட்டாரைப் பகைத்துக்கொண்டு, அவளோடு தனியே காடு வெட்டிக் குடியிருக்கிறான். வெளியூரிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவரின் பழக்கத்தால் புத்தக உலகம் பதஞ்சலிக்கு அறிமுகமாகிறது. பின்பு 1964 ஆம் ஆண்டுப் புயலின்போது நேர்ந்துவிட்ட ஒன்று அவள் வாழ்வை உலுக்குகிறது. (அந்த ஆசிரியர் பாத்திரம் என் போன்ற தொழிலினருக்கு நாணந் தருவது, ஆயினும் ஆசிரிய கலாசாலைகளிற் படிப்பிக்க வேண்டிய பாத்திரம் என்பேன்.) நிலக்கிளி என்பது நிலத்தை ஒட்டிய பொந்துகளில் வாழ்ந்து உயரப் பறவாத ஒரு பறவை. எட்டிப் பிடிப்பதற்கு எளியது. ஆகையால் ஆபத்தும் அதற்கு அதிகம்.

இந்நாவலைப் படித்த நகரத்து விமரிசகர் பலர் பதஞ்சலியைக் கள்ளமற்ற இயற்கையின் வடிவம் எனப் பாராட்டி அமைந்தனர். அவளும் மண்ணாக்கப்பட்டாள் என்க. ஆனால் நூலை நிதானமாகப் படிப்பவர்க்கு வேறொன்று புலப்படும். காட்டைத் திருத்துவதிலும் உணவு தேடுவதிலும் பதஞ்சலி தன் கணவனோடு சரிபாதி உழைப்பவள். அவளுடைய துணிவும் தடுமாற்றமும் அந்த உழைப்போடு ஒட்டியவை. ஆசிரியர் இதனைப் பெருமையாக எடுத்துச் சொல்லவில்லை. நடப்பது நடப்பதாகவே காட்டிச் செல்கிறார். ஆண் ஒருவர் எழுதிய நூலாயினும் பெண்ணைச் சின்னமாக்கும் பிழை, நூலைவிட நூலைப் புகழ்ந்தவரிடமே மிகுதி.

இந்நூல் வெளிவந்த பதினோராவது ஆண்டில், 1984 இன் இறுதியில், கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய ஊர்களின் தமிழ் மக்கள் வெளியேற்றப்பட்டபோது தண்ணிமுறிப்பும் வெறிச்சோடியது. மணலாறு வெலிஓயா எனப் பெயர் மாற்றம் பெற்றது. நாவலாசிரியரும் டென்மார்க் நாட்டுக்குப் புலம்பெயர்ந்தார். இதன் பின் 'நிலக்கிளி'யின் தன்மையே மாறிவிட்டது எனலாம். எழுதப்பட்டபோது அது ஒரு காதற் கதை. இன்று அஃது ஓர் ஊரின் சான்றுப் பத்திரம். எந்தத் துரவில் நீர் அள்ளினர், எந்த வழியே வேட்டைக்குப் போயினர், எப்படிப் பேசினர் என்பனவெல்லாம் பதஞ்சலியின் காலடியைப் பின்பற்றிப் போனால் இன்றும் காணக் கிடைக்கும். 1948 இல் அழிந்த பலஸ்தீனக் கிராமங்களைப் பற்றி அவற்றின் மக்கள் நினைவு நூல்கள் எழுதிவைத்திருக்கின்றனர். நம்மிடம் அவ்வகை நூல்கள் குறைவு. அவ்வேலையை நாவல் செய்ய நேர்ந்தது.

அடுத்து, தாம் யார் என்று சொல்லிக்கொள்ளவும் சட்டம் இடங்கொடாதவர்களைப் பார்ப்போம். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை ஒரே நாளில் நாடற்றவராக்கிற்று. பலஸ்தீனர் நாடிழந்த ஆண்டும் அதுவே. 1964 இல் ஸ்ரீமா – சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை எண்ணிக்கையாற் பங்கு பிரித்தது. அதே ஆண்டில் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', தோட்டத்துக்கு வந்து சேர்ந்த மக்களின் வாழ்வை ஒரு பெண்ணின் வாழ்வின் வழியே சொன்னது. அவர்களைப் பற்றிய அறிக்கைகளிலே தலைக் கணக்கு இருந்தது. கோகிலம் சுப்பையாவின் நூலிலே தலைக்கு உரியவள் இருந்தாள்.

1977 ஆம் ஆண்டு வன்செயலிலே தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டோர் பலர் வவுனியா, முல்லைத்தீவு எல்லைகளுக்கு வந்தனர். காந்தீய இயக்கத்தார் அவர்களைக் குடியமர்த்த உழைத்தனர். அக்குடியேற்றங்களும் சில ஆண்டுகளிற் கலைக்கப்பட்டன. சயந்தனின் 'ஆதிரை' (2015) இம்மக்களை வன்னி வரலாற்றின் நடுவே கொண்டுவந்து நிறுத்திய பெருநாவல். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோரும் மலையகத்திலிருந்து வந்தோரும் வன்னியிலேயே பிறந்தோரும் ஒரே காட்டோரத்தில் வாழும்போது, யார் யாரை எப்படி மதித்தனர் என்பதை அந்நூல் ஒளிக்காமற் பேசுகிறது. துரத்தப்பட்டு வந்தவரை நம்மவரும் கூலியாளாகவே நோக்கியதுண்டு. சாதியும் பிரதேச இறுமாப்பும் தறப்பாளுக்குக் கீழும் ஒழியவில்லை. இதனை ஒப்புக்கொள்ளாது 'நம் மக்களின் அடையாளம்' என்று மேடையேறிப் பேசுவது பாதி உண்மையே.

மற்றப் பாதியும் உண்டு. 1990 ஐப்பசியில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சில ஊர்களில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. முல்லைத்தீவிலிருந்தும் அவ்வாறு போயினர். புத்தளத்து முகாம்களிலே ஒரு தலைமுறை வளர்ந்தது. அவர்களும் தமிழிலேயே அழுதனர். தமிழிலேயே கதை சொல்லினர். இடப்பெயர்வு இலக்கியம் என்னும் தலைப்பில் அவர்களை விடுத்து எழுதுவோர், தாம் எதிர்க்கும் பிழையையே தாமும் செய்கின்றனர்.

இனி, இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருகின்றேன். கிளிநொச்சி மாவட்டம் பரந்தனை அடுத்த குமரபுரத்தைச் சேர்ந்த தாமரைச்செல்வி 1970 களின் முற்பகுதியில் எழுதத் தொடங்கியவர். 1977 இல் வந்த 'சுமைகள்' முதலாகப் பல நாவல்களும், 'ஒரு மழைக்கால இரவு' (1998), 'அழுவதற்கு நேரமில்லை' (2002), 'வன்னியாச்சி' (2005) ஆகிய சிறுகதைத் தொகுதிகளும் இவருடையவை. போர் நடந்த ஊரிலேயே இருந்து, இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்த இடத்திலிருந்தும் எழுதியவர். கொழும்பு விமரிசகருட் சிலர் இவருடைய நடை எளியது, கலை நுட்பம் போதாது என்றனர். அவர்கள் தேடிய நுட்பம் வேறு. 'அழுவதற்கு நேரமில்லை' என்னும் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். துன்பம் வந்தால் அழுவது இயல்பு; அழக் கூடாது என்பது வீரம்; அழ நேரமில்லை என்பதோ வேலை செய்யும் பெண்ணின் வாக்கு. தறப்பாள் கட்ட வேண்டும், தண்ணீர் எடுக்க வேண்டும், நிவாரண வரிசையில் நிற்க வேண்டும், பிள்ளையை ஏதாவதொரு மரத்தடிப் பள்ளிக்கூடத்திற் சேர்க்க வேண்டும். பாரி மகளிரின் கணக்கு இங்கே மறுபடி வருகிறது. ஆனால் இம்முறை அது நிலவின் கணக்கன்று. கொத்து அரிசியின் கணக்கு.

1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் எழுந்து புறப்பட்டனர். 1996 இற் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது. 1997 வைகாசியில் வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியே தொடங்கிய படை நடவடிக்கை நம் புளியங்குளத்தைப் பல மாதம் போர்க்களமாக்கிற்று. ஒரே குடும்பம் இரண்டு மூன்று ஆண்டுகளுள் ஏழெட்டு இடம் மாறியது வன்னியில் அரிய செய்தியன்று. இவ்வாறு மாறுந்தோறும் ஆண்மகன் பெரும்பாலும் போர்முனையிலோ, காவலிலோ, காணாமற் போனோர் பட்டியலிலோ, அல்லது வெளிநாட்டுக்குப் போகும் வழியிலோ இருந்தான். வீடு என்பது பெண் எங்கே அடுப்பு மூட்டினாளோ அங்கே இருந்தது. தாமரைச்செல்வியின் கதைகள் இதனைத் தத்துவமாகச் சொல்வதில்லை. அடுப்பை மூட்டிக் காட்டுகின்றன.

என் தாயாரும் 1997 இல் வீட்டைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டே புறப்பட்டார். பலஸ்தீனர் 1948 இற் பூட்டிவந்த வீட்டுத் திறப்பைத் தலைமுறையாகக் காத்து வருவதை நான் பிற்காலத்தில் நூல்களிற் படித்தபோது அவரிடம் சொன்னேன். அவர், "எங்கட கதவே போட்டுதே தம்பி" என்றார். 2002 இற் பாதை திறந்த பின் நாம் திரும்பி வந்தபோது நிலையும் இல்லை, கதவும் இல்லை, சுவரும் அரைவாசி. திறப்பு இன்றும் சுவாமித் தட்டில் இருக்கிறது.

திறப்பினும் முக்கியமானது காணிப் பத்திரம். நம் வழக்கிலே காணிக்கு 'உறுதி' என்று பெயர். மனத் திண்மைக்கும் அதுவே பெயர். வன்னியின் குடியேற்றக் காணிகளிற் பெரும்பாலானவற்றுக்கு உறுதி கிடையாது. அரசு வழங்கிய அனுமதிப்பத்திரமே உண்டு. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பின்னுரித்தாளர் பெயர் குறிக்காது ஒருவர் இறந்தால், பிள்ளைகளின் வரிசையில் மகனுக்குப் பின்னரே மகள். 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே இந்த ஆண் முதன்மை நீக்கப்பட்டது. ஆகவே கணவனும் மகனும் இல்லாது போரிலிருந்து மீண்ட பெண், தான் நாற்பது ஆண்டு களை பிடுங்கிய வயலின் ஓரத்தில் நின்று, இது என்னுடையது என்பதற்குச் சான்று தேட வேண்டியிருந்தது. இச்சட்டத்தை அறிந்த பின் தாமரைச்செல்வியின் 'பச்சை வயல் கனவு' (2004) நாவலை மறுபடி படித்தேன். கிளிநொச்சிப் பகுதியிலே காட்டை வெட்டிக் கழனியாக்கிய தலைமுறைகளின் கதை அது. பாம்புக்கும் மலேரியாவுக்கும் யானைக்கும் தப்பிக் குடியேறிய முதல் தலைமுறையிலே பெண் ஒரு சின்னமல்லள், மண்வெட்டி பிடித்தவள். பத்திரத்திலே பெயரில்லாத அவளை நாவல் பெயர் சொல்லிப் பதிந்துவிட்டது. இதனையே நான் பெண்ணின் எதிர்ப்பு எனக் கொள்கின்றேன். இது துப்பாக்கியினும் மெல்லியது; ஆயின் நெடுநாள் நிற்பது.

இங்கே ஒரு தடை எழலாம். துப்பாக்கி ஏந்திய பெண்களை எங்கே வைப்பது? ஆயிரக்கணக்கில் அவர்கள் இருந்தனர். அவர்களைப் பேசாது பெண்ணின் உறுதி பற்றிப் பேசுதல் இயலாது. போர்க்காலத்து எழுத்து அவர்களை வீராங்கனையாக மாத்திரம் கண்டது. போர் முடிந்த பின் ஊர் அவர்களை வேறு கண்ணாற் கண்டது. மணம் பேச வருவோர் கேட்கும் முதற் கேள்வி எது என நம் ஊரார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. புகழ்ந்ததும் நாமே, ஒதுக்கியதும் நாமே. இரண்டுக்கும் நடுவே நின்ற மனிதப் பிறவியை எழுதும் பணி 2009 இன் பின்னரே பெரிதும் தொடங்கிற்று. ஷோபாசக்தியின் 'இச்சா' (2019) சிறையிலிருக்கும் ஒரு முன்னாட் போராளிப் பெண்ணை நடுவாகக் கொண்டது. படிப்போரை உறங்கவிடாத நூல். ஆயினும் அதில் அப்பெண்மேல் ஏற்றப்படும் துன்பத்தின் அளவு, சில இடங்களில் அவளை மீண்டும் சின்னமாக்கிவிடுகிறதோ என எனக்கு ஓர் ஐயம் உண்டு. முன்னாட் போராளியான வெற்றிச்செல்வி எழுதிய நூல்களில் அந்த ஐயம் எழுவதில்லை. தன் காயத்தைத் தானே சொல்பவர் அதனை அலங்கரிப்பதில்லை.

தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' (2013) இவ்வரிசையிற் தனித்து நிற்பது. இவர் இயக்கத்தின் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணிபுரிந்தவர். பேச்சுத் தமிழின் வலிமையை நன்கறிந்தவர். 2009 ஜனவரி 2 ஆம் நாள் கிளிநொச்சி வீழ்ந்தது. வைகாசியில் முள்ளிவாய்க்காலிலே யாவும் முடிந்தன. ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் முட்கம்பி முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். செட்டிகுளம் மெனிக் பாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. இவ்வளவையும் இந்நாவல், பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நகரும் ஒரு மூத்த பெண்ணின் கண்ணாற் காண்கிறது. படைத் தளபதிகள் எங்கே நின்றனர் என்பது அவளுக்குத் தெரியாது. பால்மா எங்கே கிடைக்கும், பதுங்குகுழிக்கு மண்மூட்டை எதனாலே தைப்பது என்பன தெரியும். வீட்டுச் சேலைகளெல்லாம் மண்மூட்டையான கதையை வன்னியிற் கேளாதார் இல்லை. கூறையும் அவ்வாறே போயிற்று. இந்நாவல் அரசையும் விடவில்லை; தாம் பணிபுரிந்த இயக்கத்தையும் விடவில்லை. பிள்ளைகளைப் போருக்குப் பிடித்துச் சென்றபோது தாய்மார் வாயிலில் நின்று போராடியதைச் சொல்லுமிடத்தில், நான் முன்பு சொன்ன சஹர் கலீஃபாவின் இரண்டாவது எதிர்ப்பு நம் மண்ணிலும் நிகழ்ந்ததைக் காண்கிறோம். இதற்காக இருபுறத்தாராலும் அவர் ஏசப்பட்டார். இருபுறமும் ஏசுவது நல்ல சாட்சிக்கு நேர்வதே.

கடல் கடந்தோர் எழுத்தைச் சுருங்கவே சொல்கின்றேன். அது தனிக் கட்டுரைக்கு உரியது. அக்கரைப்பற்றை அடுத்த கோளாவிலிலிருந்து 1970 இல் லண்டன் சென்ற இராஜேஸ்வரி பாலசுப்பிரமணியம், 1981 இல் 'ஒரு கோடை விடுமுறை'யையும், 1987 இல் 'தில்லையாற்றங்கரை'யையும் எழுதினார். பின்னது ஊரைப் பிரிந்தவளின் ஏக்கம் நிரம்பிய நூல்; எனினும் அவ்வூரிலே பெண்களுக்கு இருந்த பூட்டுகளை அந்த ஏக்கம் மறைக்கவில்லை. ஊர் நினைவு இனிக்க இனிக்க ஊரின் குற்றங்களும் இனித்துவிடுவது புலம்பெயர்ந்தோர் எழுத்திற் காணும் பொதுநோய். இவ்வம்மையார் அதற்கு இடங்கொடுக்கவில்லை. தாமரைச்செல்வியும் பின்னர் அவுஸ்திரேலியாவிற்குச் சென்று, படகேறிப் போனவர்களைப் பற்றி 'உயிர்வாசம்' (2019) எழுதினார். கனஃபானியின் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கத்தக்க நூல் அது. இந்தப் படகிலே பெண்களும் குழந்தைகளும் இருந்தனர்.

இவ்வளவும் எழுதிய பின், இன்னும் எழுதப்பட வேண்டியது ஒன்று என் கண்முன் நிற்கிறது. 2017 தை மாத இறுதியில் கேப்பாபிலவு, பிலக்குடியிருப்புப் பெண்கள் தம் காணியைக் கேட்டு விமானப்படை முகாமின் வாயிலில் அமர்ந்தனர். இரவு பனியிலும் பகல் வெயிலிலும் ஒரு மாதம் எழுந்திருக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் அங்கிருந்தே பாடம் படித்தனர். மார்ச் முதலாம் நாள் காணி விடப்பட்டது. அதே மாசியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் படங்களை ஏந்தித் தெருவோரக் கொட்டில்களில் அமர்ந்தனர். அவர்களுட் பலர் விடை கிடையாமலே கண்மூடினர். பதஞ்சலி வெட்டிய காட்டையும், பச்சை வயலின் அனுமதிப்பத்திரத்தையும், ஊழிக்காலத்து மண்மூட்டையையும் அறிந்த ஒருத்தியே அந்தக் கொட்டில்களின் நாவலை எழுத முடியும். அவள் இப்பொழுது நம் வகுப்புகளுள் ஒன்றில் உயர்தரத் தமிழ் படித்துக்கொண்டிருக்கவுங் கூடும்.

அவளுக்குப் படிக்க நூல் வேண்டும். மேலே நான் கூறிய நூல்களிற் பல மறுபதிப்பின்றிக் கிடக்கின்றன. சில 'நூலகம்' என்னும் மின்னூற் களஞ்சியத்திற் கிடைப்பினும், கையடக்கத் தொலைபேசியிலே முழு நாவலைப் படிப்பது நம் பிள்ளைகளுக்கு எளிதன்று. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் இல்லங்களில், 1970 களின் வீரகேசரிப் பிரசுரங்கள் ஓரிரண்டு பெட்டியடியில் இருக்கக்கூடும். விடுமுறைக்கு ஊர் வரும்போது அவற்றைக் கல்லூரி நூலகத்திற் சேர்ப்பிப்பின் பெரிதும் உதவியாகும். அட்டை இல்லாதனவும், முதற்பக்கம் கிழிந்தனவும் ஆயினும் கட்டிக்கொள்வோம்.